கம்போடியாவில் இளைஞர்கள் தொழில் பழகும் பட்டறைகள்: குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாமா?

கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். டிசம்பரில் கணவர், பத்தாவது படிக்கும் மகன், ஆறாவது படிக்கும் மகள் என்று நால்வராகக் கம்போடியா போகிறார்கள். சியம் ரீப்பில் ஐந்து நாள். மகனுக்குப் பாடப் புத்தகத்தைவிடக் கைவேலையில்தான் மனம் போகிறதாம். அங்கோர் கோயில்களோடு, ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத்தரும் பட்டறைகளையும் அவனுக்குக் காட்ட நினைக்கிறார். "அந்தப் பிள்ளைகளை வேடிக்கை பார்ப்பது போல ஆகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது. போகலாமா? போனால் எங்கே, எப்படி, என்ன வாங்கிக்கொண்டு போவது?" என்பது கேள்வி.

போகலாம் அம்மா. தயங்கத் தேவையில்லை. ஆனால் அந்தத் தயக்கத்தை முழுக்க விட்டுவிடவும் வேண்டாம். எங்கே போகக் கூடாது என்பதை அதுதான் உங்களுக்குச் சொல்லும்.

நான் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.) 27 வருடம் ஃபிட்டர் பிரிவில் பயிற்றுநராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு இரண்டு முறை கம்போடியா போனேன். முதல் தடவை மனைவியோடு கோயில் பார்க்க. இரண்டாம் தடவை பட்டறைகளைப் பார்ப்பதற்காகவே மூன்று வாரம் தங்கினேன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி தருவது அந்தப் பயணங்களைவிட, பார்க்க வருகிறவர்களை எதிர்கொண்ட அந்த 27 வருடம்தான்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. என்னிடம் படித்த ஒரு பையன் பெஞ்ச் வைஸில் இரும்புத் துண்டைப் பிடித்து அரம் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு துண்டில் சதுரப் பள்ளம், இன்னொரு துண்டில் அதற்குள் உட்காரும் சதுர முனை. இரண்டையும் பொருத்தி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் நடுவில் கீற்று வெளிச்சம்கூடத் தெரியக் கூடாது. மூன்று நாளாக அதே வேலை. அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்தது, பத்துப் பேர் இருக்கும். பையனின் தோளில் கை போட்டார்கள், அரத்தைக் கேமரா பக்கம் திருப்பச் சொன்னார்கள், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். அப்பா இறந்துவிட்டார் என்றான். ஓர் அம்மையார் கண்கலங்கி அவன் கையில் சாக்லேட் வைத்தார். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு அவன் அரத்தைத் தொடாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். என்னடா என்றேன். "நான் போட்ட ஃபிட்டிங்கை ஒருத்தர்கூடப் பார்க்கலையே சார்" என்றான்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் முதலில் அவர்கள் கையில் அந்த ஜாபை, அதாவது பையன்கள் பொருத்திய துண்டை, கொடுத்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்க்கச் சொல்வேன். நீங்கள் கம்போடியாவில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் அந்தப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லையும் நூலையும் தட்டில் வைத்த சாப்பாட்டையும் கவனித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளின் குடும்பக் கதையை அவர்களாகச் சொன்னால் மட்டும் கேளுங்கள்.

போகக் கூடாத இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சியம் ரீப்பில் "அநாதை இல்லத்துக்கு வாங்க, குழந்தைகள் ஆடுவார்கள், பாடுவார்கள்" என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். 2005 முதல் 2010 வரை அந்நாட்டில் அநாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. உள்ளே இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார் என்பது கணக்கெடுத்தபோது வெளிவந்தது. சுற்றுலாப் பயணிகளின் நன்கொடை வர வர, ஏழைப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளை இல்லங்களுக்குக் கொண்டுவருவதும் நடந்திருக்கிறது. ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 2011இல் யுனிசெஃப் துணையோடு "குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல" என்று ஓர் இயக்கமே நடத்தியது இதனால்தான். கோயில் வாசல்களில் சின்னப் பிள்ளைகள் வளையலும் தபால் அட்டையும் விற்பார்கள். பாவமாக இருக்கும். வாங்காதீர்கள். அந்த விற்பனை நன்றாக நடக்கும்வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டில் மனம் வராது.

தொழிற்பயிற்சிப் பட்டறை அப்படிப்பட்டது அல்ல. நல்ல பட்டறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள். உங்களுக்கு ஒரு பொருளோ ஒரு வேளைச் சாப்பாடோ விற்கிறார்கள். அதன் தரத்தைப் பார்த்துக் காசு கொடுக்கிறீர்கள். நல்ல பட்டறையா என்று தெரிந்துகொள்ள நான் ஒரு கேள்விதான் கேட்பேன்: "போன வருடம் பயிற்சி முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்?" இந்த ஹோட்டலில், இந்தக் கடையில், எங்களிடமே என்று பளிச்சென்று பதில் வந்தால் அது பட்டறை. பதிலுக்கு உண்டியலைக் காட்டினால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

முதலில் போக வேண்டியது ஆர்ட்டிசான்ஸ் அங்கோர். பழைய சந்தையிலிருந்து நடந்தே போகலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது, சுற்றிக் காட்டவும் ஆள் வருவார், அதற்கும் காசில்லை. இந்த இடம் எப்படி வந்தது என்பதைப் போகும் முன்பே மகனிடம் சொல்லி வையுங்கள். 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி. சுமார் 17 லட்சம் பேர் மாண்டார்கள். அதில் சிற்பிகளும் நெசவாளர்களும் நடனக்காரர்களும் அடக்கம். கைத்தொழில் என்பது ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவர் பழகுவது. பழக்குகிற கை போய்விட்டால் ஒரே தலைமுறையில் தொழில் அறுந்துவிடும். பிறகு உள்நாட்டுப் போர், அகதி முகாம்கள். 1992இல் பிரெஞ்சு உதவியோடு சியம் ரீப்பில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. கிராமத்து இளைஞர்களுக்குக் கல் செதுக்கவும் மரம் செதுக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சி முடித்தவர்களுக்கு வேலை வேண்டுமே என்று அதிலிருந்து கிளைத்து வந்ததுதான் ஆர்ட்டிசான்ஸ் அங்கோர். இப்போது அது சொந்தக் காலில் நிற்கும் நிறுவனம். கைவினைஞர்களின் சங்கத்துக்கும் அதில் பங்கு உண்டு.

உள்ளே போனதும் கல் பிரிவில் நேரம் செலவழியுங்கள், மற்றவற்றை அவசரமாகப் பார்த்தாலும் பரவாயில்லை. இரண்டு வகைக் கல் இருக்கும். ஒன்று மணற்கல், அங்கோர் கோயில்கள் கட்டிய வகை. இன்னொன்று மாக்கல், நம் பாட்டிகள் குழம்பு வைத்த கல்சட்டி செய்கிற கல். மாக்கல் உளிக்கு வெண்ணெய் போல வழிவிடும். மணற்கல் பொறுமையைக் கேட்கும், கொஞ்சம் தப்பாகத் தட்டினாலும் பொரிந்து விழும்.

நான் போன அன்று இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன் அங்கோரை ஆண்ட அரசர் ஏழாம் ஜெயவர்மனின் தலையைச் செதுக்கிக்கொண்டிருந்தான். கண் தாழ்த்தி, உதட்டோரம் மெல்லிய சிரிப்போடு இருக்கும் அந்த முகம் உங்களுக்குப் படங்களில் பழக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் மாதிரிச் சிலை. மாதிரியின் மூக்கு நுனியிலிருந்து காது மடல்வரை காலிப்பரால் அளந்தான். அந்த அகலத்தை அப்படியே கல்லுக்குக் கொண்டுவந்து பென்சிலால் ஒரு புள்ளி வைத்தான். பிறகு தாடைக்கு, நெற்றிக்கு, பின்னந்தலைக்கு. முகம் இன்னும் பிறக்கவே இல்லை, கல்லெங்கும் புள்ளிகள்தான். நான் பக்கத்தில் போய்க் குனிந்து பின்னந்தலையைப் பார்த்தேன். வாங்குகிறவர் யாரும் திருப்பிப் பார்க்காத பக்கம் அது. அங்கேயும் புள்ளி வைத்திருந்தான். சரி என்று தலையாட்டினேன். அவன் காலிப்பரை என் கையில் கொடுத்துவிட்டு இரண்டு புள்ளிகளைச் சுட்டிக் காட்டினான். அளந்து பார்த்தேன், மாதிரியிலும் அளந்தேன். முடி அளவு வித்தியாசம்கூட இல்லை. எனக்குக் கெமர் மொழி தெரியாது, அவனுக்குத் தமிழோ ஆங்கிலமோ தெரியாது. பத்து நிமிடம் அப்படியே ஒரு வார்த்தை இல்லாமல் பேசிக்கொண்டிருந்தோம். என் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த பத்து நிமிடம் அதுதான்.

போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனை மாமல்லபுரம் கூட்டிப்போய் வாருங்கள் என்றுகூடச் சொல்வேன். சாலையோரப் பட்டறைகளில் கருங்கல்லில் உளி விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போனால், சியம் ரீப்பில் மணற்கல்லின் சத்தம் வேறாக இருப்பது அவனுக்கே புரியும். 1957இல் தொடங்கிய அரசு சிற்பக்கலைக் கல்லூரியும் அங்கே இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லலாம்: கெமர் எழுத்து பிறந்தது பல்லவ எழுத்திலிருந்து. கோயில் சுவர்களிலும் வாசல் நிலைகளிலும் கல்வெட்டைப் பார்க்கும்போது அவன் அதைத் தேடிப் பார்ப்பான்.

ஆர்ட்டிசான்ஸ் அங்கோரில் பட்டில் ஓவியம் தீட்டும் பகுதியில் காது கேளாத கைவினைஞர்கள் பலர் வேலை செய்கிறார்கள். அவர்கள் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டாம், திடுக்கிடுவார்கள். எதிரே வந்து, அவர்கள் நிமிர்ந்து பார்த்ததும் புன்னகைத்துவிட்டுப் பாருங்கள். அரக்குப் பூச்சு, தங்கத் தகடு ஒட்டுவது எல்லாம் பக்கத்திலேயே உண்டு. உங்கள் மகளுக்குத் தங்கத் தகடு பிடிக்கும்.

பட்டுப் பண்ணை ஊரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் புவோக் என்ற இடத்தில் இருக்கிறது. பட்டறையிலிருந்தே இலவச வண்டி விடுவது வழக்கம். அன்றைய நேரத்தை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முசுக்கொட்டைத் தோட்டத்தில் தொடங்கிப் புழு, கூடு, நூல், சாயம், தறி என்று வரிசையாகப் பார்க்கலாம். அங்கே கூடு தங்க மஞ்சளாக இருக்கும். தருமபுரி அங்காடியில் மஞ்சள் கூட்டைப் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல. கோவைக்காரர்களான நீங்கள் வெள்ளைக் கூட்டையே அதிகம் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் கூட்டில் இழை நீளம் குறைவு, ஒரு கூட்டில் முந்நூறு நானூறு மீட்டர்தான் வரும். வெள்ளைக் கலப்பினக் கூடு ஆயிரத்தைத் தொடும். ஆனால் அந்த மஞ்சள் இழைக்கு ஒரு மென்மையும் மினுமினுப்பும் உண்டு, கையில் வாங்கிப் பாருங்கள்.

தறிக்கு முன்னால் நூலுக்குக் கட்டுப் போட்டுச் சாயம் ஏற்றும் இடத்தில் நின்றுவிடுங்கள். 'ஹோல்' என்கிற அவர்களுடைய பட்டு நம் போச்சம்பள்ளிப் புடவையின் உறவுக்காரி. ஊடு நூலை, அதாவது தறியில் குறுக்கே ஓடும் நூலை, சட்டத்தில் விரித்து, எந்த இடத்தில் சாயம் ஏறக் கூடாதோ அங்கே நாரால் கட்டுகிறார்கள். முக்குகிறார்கள், அவிழ்க்கிறார்கள், வேறு இடத்தில் கட்டுகிறார்கள், மறுபடி முக்குகிறார்கள். நெய்யும்போதுதான் உருவம் வெளியே வரும். காஞ்சிபுரத்தில் உருவத்தைத் தறியில் போடுகிறோம், இவர்கள் தறிக்கு வருவதற்கு முன்பே நூலுக்குள் போட்டுவிடுகிறார்கள். கட்டுப் போடும் பெண்ணுக்கு முன்னால் வரைபடம் எதுவும் இருக்காது. எல்லாம் மனப்பாடம்.

அந்த மனப்பாடம் எப்படி மிஞ்சியது என்று தெரிய வேண்டுமானால் இன்னோர் இடத்துக்கும் போக வேண்டும். கிகுவோ மொரிமோத்தோ என்று ஜப்பானின் கியோத்தோவைச் சேர்ந்த ஒரு கிமோனோ சாய ஓவியர். தொண்ணூறுகளின் நடுவில் கம்போடியக் கிராமம் கிராமமாக அலைந்து, போருக்கு முன்னால் நெய்த பாட்டிகள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று தேடினார். இருந்தவர்களைக் கண்டுபிடித்து, அவர்களை ஆசிரியர்களாக்கி, 1996இல் ஒரு பாரம்பரிய நெசவு நிறுவனத்தைத் தொடங்கினார். 2000இல் சியம் ரீப்புக்கு வந்தார். பிறகு அங்கோர் தோம் மாவட்டத்தில் காட்டு நிலத்தை வாங்கி, முசுக்கொட்டையும் சாய மரங்களும் நட்டு, நெசவாளர்கள் குடும்பத்தோடு வாழும் ஒரு கிராமமாகவே ஆக்கினார். சிவப்புக்கு அரக்கு, நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்கு மரப்பட்டை. 2017இல் அவர் இறந்துவிட்டார். பட்டறை நடக்கிறது. அம்மாக்கள் நெய்வார்கள், பக்கத்தில் தூளியில் குழந்தை தூங்கும். ஊரைவிட்டுத் தள்ளி இருப்பதால் அரை நாள் வேண்டும். ஐந்து நாளில் ஓர் அரை நாளை எதற்கு ஒதுக்குவது என்று கேட்டால், இன்னொரு கோயிலை விட்டுவிட்டு இங்கே போங்கள் என்பேன். உங்கள் கணவர் மறுக்கலாம். அவருக்கு பாந்தே ஸ்ரீ கோயிலைக் காட்டிவிட்டுச் சமாதானம் செய்யுங்கள்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். சியம் ரீப்பில் பயிற்சி உணவகம் என்று ஒரு வகை உண்டு. சமைப்பதும் பரிமாறுவதும் மாணவர்கள், பக்கத்தில் ஆசிரியர். சாலா பாய் என்ற ஹோட்டல் பள்ளி 2002இல் தொடங்கியது. ஏழைக் குடும்பத்து இளைஞர்களுக்குச் சமையல், பரிமாறல், அறைப் பராமரிப்பு, வரவேற்பு என்று இலவசமாகக் கற்றுத்தருகிறார்கள், பெண் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. பயிற்சி விடுமுறையில் உணவகம் மூடியிருக்கும், ஆகவே போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் சொன்ன ஃபிரெண்ட்ஸ் அமைப்பு 1994இல் தலைநகர் நோம்பென்னின் தெருப் பிள்ளைகளோடு 'மித் சம்லாஞ்' என்ற பெயரில் தொடங்கியது. நல்ல நண்பர்கள் என்று பொருள். நோம்பென்னில் ரோம்தெங், சியம் ரீப்பில் மாரும் என்று அவர்கள் நடத்தும் உணவகங்களுக்கு நல்ல பெயர். பரிமாறுகிறவரின் சட்டையிலேயே மாணவரா ஆசிரியரா என்று எழுதியிருக்கும். எனக்கு அது மிகவும் பிடித்தது. கற்றுக்கொள்கிறேன் என்று சட்டையில் எழுதிப் போட்டுக்கொண்டு நிற்பது அந்தப் பிள்ளைக்குக் கவசம். தவறினால் தவறலாம் என்று அர்த்தம்.

நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவம் என்றால் "பிரஹோக்" வேண்டாம், மீன் சாஸ் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிரஹோக் என்பது புளிக்கவைத்த மீன் விழுது, காய்கறிக் குழம்பிலும் போடுவார்கள். மாணவர் பரிமாறும் இடத்தில் கொஞ்சம் நேரமாகும். பசித்த வயிற்றோடு போகாதீர்கள், ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு போங்கள். உணவில் குறை இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள், ஆனால் அந்தப் பிள்ளையிடம் சொல்லாமல் ஆசிரியரைக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லுங்கள். பாவம் என்று விட்டுவிடுவது உதவி ஆகாது. நாளைக்கு ஐந்து நட்சத்திர ஹோட்டலில் யாரும் விடமாட்டார்கள். உப்பு அதிகம் என்று இன்று தெரிந்துகொள்வதற்குத்தான் அந்தப் பிள்ளை அங்கே நிற்கிறது.

இரவு ஒன்றுக்கு ஃபாரே சர்க்கஸ். பத்தம்பாங் என்ற ஊரில் ஃபாரே பொன்லூ செல்பாக் என்று ஒரு கலைப் பள்ளி. அகதி முகாமில் படம் வரையக் கற்றுக்கொண்ட ஒன்பது இளைஞர்கள் ஊர் திரும்பி 1994இல் தொடங்கியது. அங்கே பயின்றவர்களுக்கு மேடையும் சம்பளமும் தர 2013இல் சியம் ரீப்பில் சர்க்கஸ் கொட்டகை போட்டார்கள். விலங்குகள் கிடையாது. அந்தரத்தில் பறப்பதும் கதை சொல்வதும்தான். உங்கள் மகள் நாள் முழுக்கப் பட்டறை பட்டறையாகச் சுற்றிய கோபம் இங்கே தீர்ந்துவிடும்.

இனி, என் மனசுக்கு நெருக்கமான பகுதி. மகனுக்கு இரும்பைக் கடையும் லேத்தும் வெல்டிங்கும் பார்க்க ஆசை இருந்தால் சுற்றுலாப் பட்டறைகள் போதாது. கம்போடியாவில் தொழில்நுட்பப் பள்ளிகள் இருக்கின்றன. நம் ஊரில் பேசின் பிரிட்ஜில் ஐ.டி.ஐ. நடத்துகிற அதே டான் பாஸ்கோ சபை, 1991 முதல் அங்கேயும் தொழில்நுட்பப் பள்ளிகளை நடத்துகிறது. இவை பார்வையாளர்களுக்கென்று திறந்து வைத்த இடங்கள் அல்ல. மூன்று நான்கு வாரம் முன்னதாகவே மின்னஞ்சல் எழுதுங்கள். யார், எத்தனை பேர், எந்தப் பிரிவு, எந்த நாள் என்று நான்கு வரி போதும். பதில் வராவிட்டால் அந்தப் பள்ளிக்குப் போக வேண்டாம், வாசலில் போய் நிற்கவே வேண்டாம். எங்கள் நிலையத்தில் சொல்லாமல் வந்தவர்களால் ஒரு காலை வகுப்பே போய்விடும்.

அனுமதி கிடைத்தால் உடை முக்கியம். முழுக்க மூடிய ஷூ. செருப்பு, சாண்டல் கூடாது. நீங்கள் புடவையோ துப்பட்டாவோ போட்டுக்கொண்டு லேத் பக்கம் போகக் கூடாது. லேத்தில் துண்டைப் பிடித்துச் சுற்றும் சக்கில் துணி நுனி மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. சுடிதார் என்றால் துப்பட்டா இல்லாமல். மகளுக்குத் தலைமுடியைக் கொண்டையாகக் கட்டிவிடுங்கள். கழுத்தில் தொங்கும் கேமரா வார், கையில் தளர்ந்த வளையல், மோதிரம், எல்லாம் பையில் போகட்டும். வெல்டிங் நடக்கும் இடத்தில் அந்த வெளிச்சத்தைக் கண்ணால் பார்க்கவே கூடாது, ஒரு நொடிகூட. அன்று இரவு கண்ணில் மணல் கொட்டியது போல எரியும். மெஷினில் நிற்கும் மாணவனிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், புகைப்படத்துக்காகக் கூப்பிடாதீர்கள். அவன் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில்தான் விபத்து நடக்கும். கேட்க வேண்டியதைப் பயிற்றுநரிடம் கேளுங்கள்.

என்ன வாங்கிக்கொண்டு போவது என்று கேட்டீர்கள். மிட்டாய், பேனா, பழைய துணி எதுவும் வேண்டாம். கையை வீசிக்கொண்டு போங்கள். நான் போன ஒரு பயிற்சி நிலையத்தில், பெயர் வேண்டாம், பட்டறை மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஒரு லேத் நின்றது. தூக்கிப் பார்த்தேன். அருமையான மெஷின். வெளிநாட்டுக் கொடையாளர் ஒருவர் கப்பலில் அனுப்பியது. கையேடு அவர்கள் மொழியில், மாற்றுப் பாகம் அங்கே கிடைக்காது, கியர் ஒன்று உடைந்து நான்கு வருடமாகிறது. பக்கத்தில் பிள்ளைகள் இரண்டு பழைய மெஷினுக்கு முறை வைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அங்கிருந்த பயிற்றுநரிடம் இப்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை: பாதுகாப்புக் கண்ணாடி, ஹேக்ஸா பிளேடு, அளவுநாடா. அன்று மாலையே உள்ளூர்க் கடையில் அவரோடு போய் வாங்கினோம். கண்ணாடி இருபது. விலை கேட்டு எடுத்துத் தந்தது அவர், காசு மட்டும் நான். நீங்களும் கொடுக்க ஆசைப்பட்டால் அப்படிச் செய்யுங்கள். முதலில் பாருங்கள், பிறகு கேளுங்கள், அந்த ஊரிலேயே வாங்குங்கள். அப்படி வாங்கினால் மறுபடி தேவைப்படும்போது எங்கே கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கைவினைப் பட்டறைகளில் கொடுப்பதைவிட வாங்குவதே சரி. பழைய சந்தையில் பேரம் பேசுங்கள், அது அங்கே வழக்கம். பட்டறைக் கடையில் விலை எழுதியிருக்கும், அங்கே பேரம் வேண்டாம். அந்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025இல் 208 டாலர். கிராமத்துப் பெண் பிள்ளைக்கு முன்னால் இருக்கும் வழி பெரும்பாலும் அந்த ஆலையோ, வெளிநாட்டு வேலையோதான். உள்ளூரிலேயே இருந்து ஒரு கைத்தொழிலில் பிழைக்கலாம் என்பதற்குத்தான் அந்த விலை. சந்தையில் அதே போன்ற சிலை கால் விலைக்குக் கிடைக்கும். அது பெரும்பாலும் அச்சில் வார்த்தது. திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள், உளித் தடம் இருக்காது. பெரிய கல் சிலை வாங்கி விமான எடைக்குத் தவிக்காதீர்கள். ஒரு பட்டுத் துண்டு, சின்ன மாக்கல் உருவம் போதும்.

டாலர் நோட்டு கிழிசல், கறை இல்லாமல் எடுத்துப் போங்கள், ஓரத்தில் சின்னக் கிழிசல் இருந்தாலும் வாங்கமாட்டார்கள். ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியல். புதிய விமான நிலையம் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரம், அதையும் கணக்கில் வையுங்கள். அங்கோர் கோயில் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. மூன்று நாள் சீட்டு எடுத்தால் அந்த மூன்று நாளும் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரு நாள் கோயில், ஒரு நாள் பட்டறை என்று மாற்றி மாற்றி வைக்கலாம். அதுதான் நல்லது. காலையில் பயோன் கோயிலின் முகங்களைப் பார்த்துவிட்டு மறுநாள் அதே முகத்தைச் செதுக்குகிறவனைப் பார்த்தால், மகனின் கண் வேறு மாதிரி வேலை செய்யும்.

புகைப்படம் பற்றி ஒரு வார்த்தை. கேட்டு எடுங்கள். முகம் வேண்டாம், கையை மட்டும் எடுக்கலாமா என்று கைகாட்டிக் கேட்டால் அநேகமாக எல்லோரும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். எடுத்ததை அவர்களுக்கே காட்டுங்கள்.

கடைசியாக மகன். "நீ ஒழுங்காகப் படிக்காவிட்டால் இப்படித்தான் கல் உடைக்க வேண்டும்" என்று விளையாட்டுக்குக்கூட அங்கே சொல்லிவிடாதீர்கள். நம் வீடுகளில் இந்த வார்த்தை சுலபமாக வாயில் வந்துவிடும். என் மாணவர்கள் பலர் வீட்டில் அதைக் கேட்டுக் கேட்டுத்தான், தலை குனிந்துகொண்டு ஐ.டி.ஐ.க்கு வந்தார்கள். அந்தத் தலையை நிமிர்த்த எனக்கு முதல் ஆறு மாதம் போய்விடும். அவனுக்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். பார்த்த கருவி ஒவ்வொன்றையும் வரையச் சொல்லுங்கள்: உளி முனை எத்தனை வகை, தறியில் மிதி எத்தனை, கட்டுப் போட எந்த நார். செய்து பார்க்க வாய்ப்புத் தரும் மட்பாண்ட வகுப்புகள் சியம் ரீப்பில் உண்டு. ஒரு பிற்பகலை அதற்கு ஒதுக்கினால் பிள்ளைகள் இருவரும் சக்கரத்தில் உட்காரலாம். முதல் பானை சரிந்து விழும். பக்கத்தில் நிற்கும் கெமர்ப் பையன் ஒரே கையால் அதை நிமிர்த்துவான், அந்தக் கையை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஊர் திரும்பியதும் அந்த நோட்டை ஒரு தடவை எனக்குக் காட்டச் சொல்லுங்கள் அம்மா. பத்தாவது முடித்த பிறகு ஐ.டி.ஐ.யா, பாலிடெக்னிக்கா, மாமல்லபுரமா என்று யோசிக்கும்போது, மதிப்பெண் பட்டியலோடு அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசலாம்.